முகம் பார்த்துச் சொல்லும் விடை

கடைசி பீரியடில் கணக்கை வைத்தவன் ஒரு நாளும் வாத்தியார் வேலை பார்த்திருக்க மாட்டான். புதுக்கோட்டை ரோட்டில் போகும் உப்பு லாரிகள் ஜன்னலை உலுக்க, மத்தியானச் சோறு கண்ணை அமுக்க, ஐந்தாம் வகுப்புக்கு மனக்கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன்.

"பத்தோட அடுக்கப் பிடிச்சுக்கிட்டா பேப்பரே வேண்டாம். இருபத்தஞ்சால பெருக்கணுமா? நாலுல ஒரு பங்கு எடு, நூறால பெருக்கு. ஏளா சந்தனச்செல்வி, எண்பத்தி நால இருபத்தஞ்சால பெருக்கு."

"மூவாயிரம் சார்."

புருவத்தைத் தூக்கினேன்.

"ரெண்டாயிரத்தி ஐநூறு."

உதட்டைச் சுழித்தேன்.

"சரி சார், கடைசியா ரெண்டாயிரத்தி நூறு."

விடை சரிதான். வந்த வழிதான் கடைத்தெரு வழி. என் வகுப்பில் பாதிப் பேர் சாயங்காலம் கடையில் நிற்கிற பிள்ளைகள். முதலில் ஏற்றிச் சொல்லி, எதிராளி முகத்தைப் பார்த்து இறங்கி வருவார்கள். நானும் கருப்பட்டி மண்டியில் வளர்ந்தவன்தான். என் முகமும் சும்மா இருப்பதில்லை.

இதில்தான் என் பிழைப்பு தொங்கியது. பள்ளிக்கூடத் தாளாளர் மந்திரமூர்த்தி அண்ணாச்சி சொல்லிவிட்டார்: "வெள்ளிக்கிழம வந்து உக்காருவேன். பிள்ளைக பதில் சொல்லலேன்னா இந்தப் பீரியட அபாகஸ் கம்பெனிக்குக் குடுத்துருவேன். நீரு வேற ஏற்பாடு பாத்துக்கிடும்." நாற்பத்தாறு வயதில் எனக்கு வேறு ஏற்பாடு என்பது அண்ணன் மண்டியில் சாக்கு தைப்பதுதான்.

மறுநாளிலிருந்து போர்டைப் பார்த்து நின்றுகொண்டு கேள்வி கேட்டேன். முதுகோடு யார் பேரம் பேச முடியும்? முதலில் குத்துமதிப்பாக எதையாவது சொல்லிப் பார்த்தார்கள். பிறகு வேறு வழியில்லாமல் கணக்குப் போட ஆரம்பித்தார்கள்.

"நாலு புள்ளி ஆறு டன் உப்பு எத்தன கிலோ?"

"கடைசில மூணு சைபர் போடணும் சார்," என்றான் சுடலைமாடன்.

"ஏலே, நாலு புள்ளி ஆறு சைபர் சைபர் சைபர்னா அதே நாலு புள்ளி ஆறுதான். உப்பு ஒரு கல்லு கூடல பாரு. ஆயிரத்துல மூணு சைபர். ஒவ்வொரு இலக்கமும் மூணு இடம் மேல ஏறணும்."

"நாலாயிரத்தி அறுநூறு!"

கழுத்து வலித்தது. ஆனாலும் திரும்பவில்லை.

வெள்ளிக்கிழமை அண்ணாச்சி வந்தார். நாற்காலியைப் போர்டுக்குப் பக்கத்தில், பிள்ளைகளைப் பார்க்கப் போட்டு உட்கார்ந்தார். அவர் முப்பது வருஷம் மிளகாய் வத்தல் வியாபாரம் செய்தவர். சரக்கு நன்றாக இருக்க இருக்க மூஞ்சியைச் சுளிப்பது அவர் தொழில்.

"அறுபத்தி மூணு புள்ளி அஞ்ச நூறால பெருக்கு," என்றார்.

"ஆறாயிரத்தி முன்னூத்தி அம்பது," என்றாள் சந்தனச்செல்வி பட்டென்று.

ஈர வத்தலை மோந்ததுபோல அண்ணாச்சி முகம் சுருங்கியது.

"அறுநூத்தி முப்பத்தஞ்சு," என்று இறங்கினாள்.

இப்போது நிஜமாகவே சுளித்தார்.

"அப்ப நீங்களே ஒண்ணு சொல்லுங்க அண்ணாச்சி!"

வகுப்பு சிரித்தது. அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "ஏம்வே, இதத்தான் இத்தன நாளும் நடத்துனீரா?"

பயப்படுவதற்குக்கூடத் தெம்பு இல்லை. "மொதல்ல சொன்னதுதான் சரி அண்ணாச்சி. உங்க மூஞ்சியப் பாத்துத்தான் எறங்கிட்டா. கடைசி பெஞ்சுல போய் உக்காருங்க."

"எம் மூஞ்சிக்கு என்னவே?"

"வத்தல் வாங்குத மூஞ்சி."

 அண்ணாச்சி எழுந்து, வேட்டியை இடுக்கிக்கொண்டு, கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

"நாப்பத்தி நால இருபத்தஞ்சால பெருக்கு," என்று அங்கிருந்து குரல் வந்தது.

"ஆயிரத்தி நூறு."

"ரொம்ப ஜாஸ்தியா இருக்கே. கொறச்சுச் சொல்லு."

சந்தனச்செல்வி திரும்பவில்லை. போர்டையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "கொறையாது அண்ணாச்சி. நாலுல ஒரு பங்கு பதினொண்ணு, பதினோரு நூறு ஆயிரத்தி நூறு. வேற எந்தக் கடையில கேட்டாலும் இதேதான்."

அண்ணாச்சிக்குச் சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. வெளியே போகும்போது என் தோளைத் தட்டினார். "அபாகஸ்காரன வர வேண்டாம்னு சொல்லிருதேன். ஆறாம் கிளாஸையும் நீரே எடும்."

"சம்பளம் அண்ணாச்சி?"

"அதப் பொறவு பேசுவோம்."

எனக்கும் பேரம் பேசத் தெரியும். ஆனால் அவர் முதுகைக் காட்டிக்கொண்டு போய்விட்டார். மணி அடித்ததும் பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். அண்ணாச்சி விட்டுப்போன நாற்காலியில் உட்கார்ந்து, கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டேன்.