நீளவால் உளுவைக்கு ஒரு பெயர்

1
இந்தக் கதை எனக்கு மும்பையில், மாட்டுங்கா ஸ்டேஷன் பாலத்தில் கிடைத்தது. "அது ஆம்பளையே இல்லம்மா!" என்று ஒரு பெண் போனில் கத்திச் சிரித்துக்கொண்டே போனாள். கூட்டமே திரும்பிப் பார்த்தது. வெட்கத்தை விட்டுப் பின்னால் ஓடிப்போய்க் கேட்டேன். மீனைப் பற்றியாம்.

2
"மாஹிம் கழிமுகத்தில் பொழுது புலர்ந்தபோது..."

(வேண்டாம். முழங்கால் சேற்றில் நிற்பவளுக்கு அதையெல்லாம் ரசிக்க ஏது நேரம்?)

போனில் கத்தியவள் முத்துமாரி, தாராவிக்காரி. மீன்களை இனம் பிரிப்பது வேலை. விரல் நீளம்கூட இல்லாத உளுவை மீன்களைப் பிடித்து, இரண்டு வருடமாகச் செதில் எண்ணிக்கொண்டிருந்தாள். சிலவற்றுக்கு வால் நீளம், சிலவற்றுக்குக் குட்டை. மற்றபடி அச்சு அசல் ஒன்றுதான். இரண்டும் வேறு இனம் என்று அவள் அடித்துச் சொன்னாள். அப்படியானால் நீளவாலுக்கு இதுவரை பெயரே கிடையாது. வைக்கும் உரிமை அவளுடையது.

3
ஆய்வகத்தில் பக்கத்து மேசை பத்ரி. (முதலில் இவனை வில்லனாக எழுதினேன். தன் டிபனில் பாதியைத் தினமும் அவளுக்குத் தருபவன் என்று தெரிந்ததும் அடித்துவிட்டேன்.)

"அரே, நீளவால் ஆண், குட்டைவால் பெண். ஆம்படையானையும் பொண்டாட்டியையும் ரெண்டு வருஷமா பிரிச்சு வச்சிண்டிருக்கே நீ!"

உளுவையில் அப்படியும் உண்டுதான். அவன் சொல்வது சரியென்றால் முத்துமாரியின் இரண்டு வருட உழைப்பு குப்பை.

"அறுத்துப் பாத்துருவோம்" என்றாள். நீளவால் ஒன்றை எடுத்து, கை நடுங்க...

(நடுங்கவே இல்லையாம். அவள் சொல்லித்தான் நிறுத்தினேன்.)

வயிற்றுக்குள் மஞ்சள் மஞ்சளாக முட்டை.

"சினை! பத்ரி, ஒங்க ஆம்பளை பிள்ளத்தாச்சியால்லா இருக்காரு!"

பத்ரி நம்பாமல் இன்னும் பதினொன்றைக் கீறினான். நீளவாலிலும் ஆண் பெண் இருந்தது, குட்டைவாலிலும் இருந்தது. "தோத்தேன்!" என்று வெள்ளைக் கோட்டோடு அவன் குதிக்க, அவளும் குதிக்க, மேசையிலிருந்த கண்ணாடிக் குப்பிகளும் சேர்ந்து குதித்தன.

4
பெயர்தான் பாக்கி.

"ஒம் பேரயே வையேன்" என்றார் அம்மா மீனாட்சியம்மாள்.

"தம் பேரத் தானே வச்சா சிரிப்பாவம்மா."

"அப்பம் எம் பேர வையி!"

பத்ரிக்கு மாஹிம் பெயர் வேண்டும். அவளுக்குத் தாராவி. மூன்று நாள் சண்டை போட்டுவிட்டு, ஒரு பெயரை எழுதிக் கட்டுரையை அனுப்பிவிட்டாள்.

எனக்கு அது தெரியும். ஆனால் கட்டுரை வெளிவரும் முன் பெயர் வேறெங்கும் அச்சேறக் கூடாதாம். "எழுதுனீங்க, கொன்னுருவேன்" என்றாள்.

அதனால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்: ________

பக்கத்தில் இன்னொன்றுக்கும் இடம் விட்டுவையுங்கள். குட்டைவாலிலேயே இரண்டு வகை தெரிகிறதென்று பத்ரி நேற்று ஆரம்பித்திருக்கிறான்.