ஒரு தடவை என்பது எதுவரை

டாக்டர் ரக்கீப் அதைச் சுகாதார நிலையத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொல்லியிருந்தால் விஷயம் இவ்வளவு தூரம் வந்திருக்காது. படகுத்துறையில், ஒரு கால் தரையிலும் மறுகால் தலைநகர் மாலே போகும் விசைப்படகிலுமாக நின்றுகொண்டு சொன்னார். மூன்று வார விடுப்பில் டாக்காவுக்குப் போகிற அவசரம் அவருக்கு.

"சுபைர், ஒன்னு சொல்ல மறந்துட்டேன். நஸீஹா மாசமா இருக்கால்ல, சூரை வாரத்துக்கு ரெண்டு தடவைக்கு மேல வேணாம். அதுல பாதரசம் இருக்கு. புள்ளையோட மூளைக்கு ஆகாது."

படகு கிளம்பிவிட்டது. சுபைர் சிரித்துக் கையசைத்தான். சொன்னது என்ன என்று அவனுக்கு உறைத்தபோது டாக்டர் அடிவானத்தில் ஒரு புள்ளியாக இருந்தார்.

சுபைர் அந்தத் தீவின் சூரைத் தோணியை நடத்தும் தண்டல். கழித் தூண்டிலால் ஒரு காலையில் ஆயிரம் சூரை தூக்குகிற தோணி. பவளப்பாறை ஓரமாக உட்கார்ந்து கைத்தூண்டில் போடுகிறவர்களை அவன் மீனவர் சாதியிலேயே சேர்ப்பதில்லை. பூனைக்கு மீன் போட்டு ஊழியம் பார்க்கிறவர்கள் என்பான். அப்படிப்பட்டவன் வீட்டில் ஆறு வருடம் காத்திருந்து தங்கிய கர்ப்பம் இது. ஐந்தாம் மாதம்.

அவன் மணலில் குத்துக்காலிட்டு விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். காலையில் ரொஷி ரொட்டிக்குத் தேங்காயும் சூரையும் பிசைந்த மஸ்ஹுனி. பகலில் சோற்றுக்குச் சூரை வேகவைத்த தண்ணீர். சாயங்காலம் தேநீருக்கு உள்ளே சூரை வைத்த உருண்டை. இரவில் சூரையை நாள் முழுக்கக் காய்ச்சி இறக்கிய விழுது. வாரத்துக்கு இரண்டு தடவை என்றால், சனிக்கிழமை காலையில் தொடங்கும் வாரம் சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கே முடிந்துவிடுகிறது. மீதி ஆறரை நாளுக்கு என்ன செய்வது என்று டாக்டர் சொல்லவில்லை.

நஸீஹா முதலில் எதிர்க்கவில்லை. பருப்பும் சோறும் தின்றாள். மூன்றாம் நாள் முட்டை. நான்காம் நாள் கடையில் முட்டை தீர்ந்தது. சரக்குத் தோணி காற்றடித்து அடுத்த அட்டோல் தீவுக்கூட்டத்தில் நின்றுவிட்டது. ஐந்தாம் நாள் அவள் எதையும் தொடவில்லை. பின்கட்டில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டில் மாசிக் கருவாடு காய்கிற வாசனை வரும் பக்கமாக முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டாள்.

மறுநாள் தோணியில் சுபைர் யாரோடும் பேசவில்லை. தூண்டில்காரன் வஹீதுக்கு அது பொறுக்கவில்லை. எங்கிருந்தோ ஒரு பழைய காய்ச்சல்மானியைக் கொண்டுவந்து, அப்போதுதான் தளத்தில் விழுந்து துள்ளிய சூரையின் வாயில் செருகினான்.

"பேபே, பயப்படாதீங்க. பாதரசம் ஏறவே இல்ல. இது சுத்தமான மீன்."

"அண்ணன்னு கூப்பிட்டுக்கிட்டே கழுத்தறுக்காதடா. எடு அதை."

"இருங்க, இன்னும் ஒரு நிமிசம் வைக்கணும். சாகுறப்ப ஏறுதான்னு பாப்போம்."

சுபைர் காய்ச்சல்மானியைப் பிடுங்கிக் கடலில் எறிந்தான். அடுத்த கணமே முகம் வெளுத்துப் போனது. கடலில் பாதரசம் எங்கிருந்து வந்தது என்று தீவில் இதுவரை யாருக்கும் தெரியாமலிருந்தது. இனி அவனுக்கு மட்டும் தெரியும்.

வீடு திரும்பியபோது நஸீஹா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தட்டில் மஸ்ஹுனி கோபுரமாக இருந்தது.

"இது எத்தனாவது தடவை?" என்றான் பதறி.

"மொத தடவை."

"காலையிலயும் தின்னியாமே? பக்கத்து வீட்டுல சொன்னாங்களே."

"ஆமா. அதேதான் இது. நீ உக்காரு, சொல்றேன்." அவள் நிதானமாக ஒரு கவளம் எடுத்தாள். "நம்ம வீட்டுல சாப்பாடு எப்ப முடியும்?"

"தட்டு காலியானா."

"தப்பு. விருந்தாளி தட்டைக் காலி பண்ணிட்டு உக்காந்திருந்தா, சாப்பிட்டாச்சுன்னு விட்டுருவியா?"

"வெத்தலத் தட்டை நீட்டுவோம்."

"அதை வாங்காம இருந்தா?"

"இன்னும் கொஞ்சம் சோறு போடுவோம்." சொல்லிவிட்டுத்தான் சுபைர் தான் எங்கே நிற்கிறோம் என்று பார்த்தான்.

"அவ்வளவுதான். வெத்தல போடுற வரைக்கும் சாப்பாடு முடியல. நான் காலையிலேர்ந்து போடல. இது ஒரே சாப்பாடு. இடையில கொஞ்சம் துணி துவைச்சேன், கொஞ்சம் தூங்கினேன்."

"எப்ப முடிப்ப?"

"செவ்வாக்கெழம."

சுபைர் இதை மறுக்க வழி தேடினான். அவன் அப்பா வீட்டிலும், அவருடைய அப்பா வீட்டிலும் வெற்றிலையில்லாமல் ஒரு சாப்பாடும் முடிந்ததில்லை. இதை மறுத்தால் நல்ல குடும்பத்தில் பிறந்ததையே மறுப்பதாகிவிடும். அதோடு அவள் கன்னத்தில் ஐந்து நாளுக்குப் பிறகு கொஞ்சம் ரத்தம் ஓடியது.

செவ்வாய் மாலை, நாலு பெண்கள் கூடியிருக்க, நஸீஹா வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி, பாக்கும் கிராம்பும் வைத்து மடித்து வாயில் போட்டாள். நாலு நாள் நீடித்த சாப்பாடு முடிந்தது. புதன் காலை இரண்டாவதைத் தொடங்கி வெள்ளிக்கிழமை முடித்தாள். வாரத்துக்கு இரண்டு தடவை. டாக்டர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூட மீறவில்லை.

இரண்டாவது வாரத்தில் தீவின் மற்ற இரண்டு கர்ப்பிணிகளும் இந்த முறைக்கு மாறினார்கள். மூன்றாவது வாரத்தில் கர்ப்பமே ஆகாதவர்களும், ஆவதற்கு வாய்ப்பே இல்லாத வஹீதும் சேர்ந்தார்கள். துறையோரக் கயிற்று நாற்காலிகளில் ஆட்கள் வெறும் வாயோடு உட்கார்ந்திருப்பார்கள். யாராவது வெற்றிலை நீட்டினால், "வேணாங்க, சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்" என்பார்கள். ஞாபகமறதியாக ஒருத்தி திங்கட்கிழமையே வெற்றிலை போட்டுவிட்டாள். கைபேசியில் தீவின் வைபர் குழுவில் அவளுக்கு முப்பது பேர் இரங்கல் தெரிவித்தார்கள்.

நஸீஹா தேறினாள். வயிறு எடுப்பாகத் தெரிந்தது. சுபைருக்கு மட்டும் மனசு அடங்கவில்லை. எண்ணிக்கை இரண்டுதான், எங்கே தொட்டாலும் சரியாகத்தான் இருந்தது. அதுதான் அவனை உறுத்தியது. கடலில்கூட எல்லாம் இவ்வளவு சரியாக இருந்தால் அவன் தோணியைத் திருப்பிவிடுவான். வயிற்றுக்குள் இருக்கிற பிள்ளைக்கு வெற்றிலைப் பழக்கம் தெரியுமா என்று யாரைக் கேட்பது?

டாக்டர் வந்து இறங்கிய அன்றே அவரை வீட்டுக்குக் கூட்டிவந்தான். வஹீதும் கூப்பிடாமலே வந்தான். டாக்டர் நஸீஹாவைப் பரிசோதித்தார்.

"புள்ளையோட நெஞ்சுத்துடிப்பு நல்லா இருக்கு. சூரை எத்தன தடவை?"

"வாரத்துக்கு ரெண்டு," என்றாள் நஸீஹா.

"பாத்தியா சுபைர், இப்படிச் சொன்ன பேச்சைக் கேட்கிற ஆள நான் எந்தத் தீவுலயும் பாத்ததில்ல." டாக்டர் நெகிழ்ந்துபோய் நிமிர்ந்தார். மூலையில் இருந்த வெற்றிலைத் தட்டு கண்ணில் பட்டது. "இது யாருக்கு?"

"எனக்குத்தான். அதுவும் வாரத்துக்கு ரெண்டே தடவை."

"கர்ப்பத்துல பாக்கு கூடவே கூடாது. இன்னியோட விட்டுடணும்."

நஸீஹா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "கூடவே கூடாதா?"

"கூடாது."

"புள்ள பொறக்குற வரைக்குமா?"

"ஆமா."

அவள் முகம் பெருநாள் காலைபோல மலர்ந்தது. "சுபைர், கேட்டியா? டாக்டரே சொல்லிட்டாரு. இனிமே பிரசவம் வரைக்கும் ஒரே தடவைதான்!"

டாக்டர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். சுபைரால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னான், செவ்வாய்க்கிழமை, வெள்ளிக்கிழமை, துணி துவைத்தது உட்பட. டாக்டர் மறுபடி வெற்றிலைத் தட்டைப் பார்த்தார்.

"நான் இந்தத் தீவுக்கு வந்து எட்டு மாசமாச்சு," என்றார் மெல்ல. "வெத்தல போட்டதே இல்ல."

"தெரியும் டாக்டர்," என்றான் வஹீத் பரிவோடு. "நீங்க இன்னும் மொத நாள் சோத்துலதான் இருக்கீங்க. நாங்க வெளிய சொல்லிக்கிறது இல்ல."

அதன்பிறகு டாக்டர் தலையைப் பிடித்துக்கொண்டே விளக்கினார். பாதரசத்துக்கு வெற்றிலை தெரியாது; ஒவ்வொரு கவளத்தோடும் அது உள்ளே போகும். பெரிய மீனில் அதிகம், இவர்கள் பிடிக்கிற சின்னச் சூரையில் குறைவு. குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. மற்ற வேளைக்குப் பருப்பு, முட்டை, பாறையோரச் சின்ன மீன்.

பாறையோரம் என்றதும் வஹீத் மெதுவாகச் சுபைர் பக்கம் திரும்பினான். நஸீஹாவும் திரும்பினாள்.

சுபைர் ஒன்றுதான் கேட்டான். "புள்ளைக்கு ஒன்னும் ஆகலியே?"

"பயப்படாத. இனிமே பாத்துக்க."

மறுநாள் பிற்பகல், துறையோர நாற்காலிகள் நிரம்பியிருந்த நேரமாகப் பார்த்து, சூரைத் தோணியின் தண்டல் ஒரு கைத்தூண்டிலும் பிளாஸ்டிக் வாளியுமாகப் பவளப்பாறைக்கு நடந்தான். வேறு நேரமும் இருந்தது. ஆனால் ஒளிந்து போனால் திரும்பும்போது இன்னும் மோசமாகச் சிரிப்பார்கள்.

"பேபே, பூனைக்கா?" என்று கத்தினான் வஹீத்.

"ஆமாடா. பூனைக்கு அஞ்சு மாசம்."

இரண்டு மணிநேரத்தில் மூன்று சின்ன விளைமீன் கிடைத்தது. தூண்டிலை எப்படிச் சுண்டுவது என்று பக்கத்தில் இருந்த கிழவர் இரண்டு தடவை சொல்லிக்கொடுத்தார். அவன் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டான்.

நஸீஹா பொரித்துத் தின்றாள். முகத்தைச் சுளித்துக்கொண்டே மூன்றையும் தின்றாள். பிறகு பழக்கதோஷத்தில் வெற்றிலைத் தட்டை இழுத்தாள். சுபைர் அவள் கையையே பார்த்தான். அவள் வெற்றிலையையும் பாக்கையும் ஒதுக்கிவிட்டு, ஓரத்தில் கிடந்த ஒரே ஒரு கிராம்பை எடுத்து வாயில் போட்டுக் கடித்தாள்.

"முடிஞ்சுதா?" என்றான்.

"முடிஞ்சுது," என்றாள், மனசேயில்லாமல்.

அவன் வாசலுக்குப் போய், வஹீதுக்குக் கேட்கிற மாதிரி, சாப்பாடு முடிந்துவிட்டது என்று உரக்கச் சொன்னான். கொஞ்ச நேரத்தில் செய்தி வைபர் குழுவில் வந்தது. டாக்டரும் அதைப் படித்தார். எட்டு மாதமாகத் தொடரும் தன் சாப்பாட்டை நினைத்துக்கொண்டு, எதிர்க்கடைக்குப் போய் ஒரு கிராம்பு கேட்டார்.