தலைப்புக்கு மேலே மாமா

எப்சிபாவின் பாட்டுத்தாளில் தலைப்பு கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. அதனால் வீட்டுக் கூரையும் அதே அளவு இறங்கியிருந்தது. அவள் குனிந்தபடியே கணினி முன் உட்கார்ந்தாள். சாயங்காலம் சர்ச்சில் பாடகர் குழு அவளுடைய பாட்டை முதல்முறையாகப் பாடப் போகிறது. அதற்குள் பாட்டு தாளில் அடங்கியாக வேண்டும்.

இசைக்குறிப்பு எழுதும் மென்பொருள் ஒழுங்கான ஆள்தான். பாட்டின் பெயரை நடுவில் வைத்தது. இசையமைத்தவரை வலப்பக்கமும் வரிகள் எழுதியவரை இடப்பக்கமும் நிறுத்தியது. பிறகு கேட்டது: “சொந்தக்காரங்க பேரு?”

கல்யாணப் பத்திரிகை அடித்துப் பழகிய குடும்பம். “போடு” என்று சொல்லிவிட்டாள்.

முதலில் அம்மாவின் அண்ணன் தேவஇரக்கம் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுத் தாளில் ஏறி, தலைப்புக்கு மேலே உட்கார்ந்தார். தலைப்பு இறங்கியது. கூரை இறங்கியது. தாளின் அடியிலிருந்து ஒரு வரி இசை நழுவித் தரையில் விழுந்தது. பூனை அதை முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்தது.

“மாமா, கொஞ்சம் ஓரமா இருங்க.”

“ஏன் மக்ளே, நான் என்ன பக்க நம்பரா?”

அடுத்து ரோஸ்லின் சித்தி நாற்காலியோடு வந்தாள். “அண்ணனுக்கு மேல வேண்டாம். சமமா இருந்தாப் போதும்.” இன்னொரு வரி விழுந்தது. மிச்சம் ஒரே வரி, ஆமென்.

எப்சிபா பேரத்தில் இறங்கினாள்.

“மேல இருக்கறத யாரும் பாட மாட்டாங்க மாமா. ஒரு பார்வை, அவ்வளவுதான்.”

“கீழ?”

“வாயத் தொறந்து பாடுவாங்க.”

மாமா யோசித்தார். “எவ்வளவு நேரம்?”

“ஒரு தாளம்.”

“ஒரு தாளத்துக்கா நான் வேட்டி மாத்திட்டு வந்தேன்? நாலு.”

“ரெண்டு. ஆமென்ல கடைசி சுரம் உங்களுக்கு.”

“ரோஸ்லினுக்கு?”

“அரைதான்.”

மாமா திருப்தியாக இறங்கி, கோடுகளுக்கு நடுவே கையைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டார். சித்தி நாற்காலியை மடக்கிக்கொண்டு பக்கத்தில் ஒடுங்கினாள். தலைப்பு மேலே போனது. கூரையும் போனது. விழுந்த வரிகளை எப்சிபா தூசி தட்டி ஒட்டினாள்.

சாயங்காலம் பாட்டு ஒரு வரி குறையாமல் ஒலித்தது. முடிந்ததும் குழுவை நடத்திய ஞானையா அவளைக் கூப்பிட்டார்.

“பாட்டு நல்லாருக்கு. கடைசி சுரம்தான் இருமுது.”

“அது எங்க மாமா.”

“அம்மகூடப் பொறந்தவரா?”

“ஆமா.”

ஞானையா பேனாவை எடுத்தார். “அப்ப ரெண்டு தாளம் கூட்டிரு. பெறவு மரியாத இல்லேன்னு பேச்சு வரும்.”