இரண்டாவது அடுப்பு

ராக்காயிக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது அந்த லயத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனால் அந்த வாயால் தன் வீட்டுக்கு வரவேண்டிய அரசாங்கக் காசே வராமல் போகும் என்று அவளுக்கே தெரியாது.

லிந்துலையிலிருந்து இரண்டு கட்டை தூரத்தில், தேயிலை மலைக்கு நடுவே இருந்தது அந்த லயம். ஒரே கூரையின் கீழ் ஒட்டி ஒட்டிப் பன்னிரண்டு சின்ன வீடுகள், காம்பராக்கள். ஆறாவது காம்பராவில் அண்ணன் கணேசமூர்த்தியும் தம்பி கஜேந்திரனும் குடியிருந்தார்கள். மூத்தவன் மனைவி ராக்காயி, இளையவன் மனைவி நாகலெட்சுமி. அண்ணன் மகன் துஷாந்த் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தான். தம்பி மகள் பிரேமினி உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள்.

வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் அஸ்வெசும கொடுப்பனவுக்கு விபரம் எடுக்க வந்த பையன், வாசல் திண்ணையான இஸ்தோப்பில் நின்றபடி கேட்டான்.

"எல்லாரும் ஒண்ணாத்தான் சமைச்சுச் சாப்பிடுறீங்களாம்மா?"

நாகலெட்சுமி அன்றைக்கு மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். பதில் சொன்னது ராக்காயி.

"என்ன தம்பி இப்புடிக் கேட்டுப்புட்டீங்க? இருபத்திரண்டு வருஷமா ஒரே அடுப்பு, ஒரே சட்டி. இந்த லயத்துல எல்லாக் காம்பராவுலயும் அண்ணன் தம்பி அடிச்சுக்கிட்டு அடுப்பைப் பிரிச்சாங்க. எங்க வீட்ல அந்தப் பேச்சே வந்ததில்ல. நல்லா எழுதிக்கங்க!"

பையன் நல்லாத்தான் எழுதிக்கொண்டான். ஒரே அடுப்பு என்றால் ஒரே குடும்பம். பெரியவனின் தோட்டச் சம்பளம், நாகலெட்சுமியின் கொழுந்துச் சம்பளம், கொழும்பிலிருந்து துஷாந்த் அனுப்புவது எல்லாம் ஒரே வீட்டு வருமானமாகப் போய்ச் சேர்ந்தன. பட்டியல் ஒட்டியபோது பக்கத்துக் காம்பரா காளியாயியின் பெயர் இருந்தது. இவர்கள் பெயர் இல்லை.

"ஒத்துமையா இருந்ததுக்கு கவுருமெண்டு நல்ல பரிசு குடுத்துருச்சு, என்னக்கா?" என்று காளியாயி சிரித்தாள். ராக்காயி முதல் தடவையாகப் பதில் பேசாமல் அடுப்படிக் குசினிக்குள் போய்விட்டாள்.

கஜேந்திரன் மட்டும் எழுந்து நடமாடிக்கொண்டிருந்தால் நாகலெட்சுமியும் அதை அப்படியே விட்டிருப்பாள். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவதில் அந்தத் தோட்டத்தில் அவனுக்கு நிகர் யாரும் இல்லை. போன மழைக்காலத்தில் தண்ணீர் ஓடும் கானுக்குள் சறுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. அதிலிருந்து தடியூன்றி இஸ்தோப்பு வரைக்கும் வருவதுதான் அவனுடைய நடை. மாதம் ஒரு தரம் நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பிரேமினி கொட்டகலைக்கு வகுப்புக்குப் போவதை இரண்டு வாரமாக நிறுத்தியிருந்தாள். "வீட்லயே படிச்சுக்கிறேம்மா" என்று அவள் சொன்ன விதத்தில் எந்தக் குறையும் இல்லை. அதுதான் நாகலெட்சுமியின் நெஞ்சை அறுத்தது.

அரசாங்க அலுவலர்கள் ஊருக்கே வந்து மனு வாங்கும் நடமாடும் சேவை தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது அவள் போய் நின்றாள். மேசையில் இருந்த உத்தியோகத்தர் நிஷாந்தி, கொட்டகலைப் பக்கத்துப் பெண். கதையை முழுக்கக் கேட்டாள்.

"அக்கா, ஒண்ணாச் சமைச்சா ஒரே குடும்பந்தான். தனித்தனியா சமைச்சு, தனித்தனியா செலவு பாத்தீங்கன்னா, நீங்க தனியா மேன்முறையீடு போடலாம். ஆனா காகிதத்துல மட்டும் பிரிஞ்சா சரிவராது. நான் நேர்ல வந்து பாப்பேன்."

திரும்பி வரும் வழியெல்லாம் நாகலெட்சுமிக்கு ஒரே யோசனைதான். இதை எந்த முகத்தோடு போய் அக்காவிடம் சொல்வது?

அந்த லயங்களில் அடுப்பைப் பிரிப்பது சின்ன விசயம் இல்லை. சண்டை போட்டு, சாபம் விட்டு, கடைசியில் வேறு வழியில்லாமல்தான் பிரிப்பார்கள். அதற்கும் ஒரு முறை உண்டு. மூத்தவள் பழைய அடுப்பிலிருந்து எரிகிற மிலாறு ஒன்றை எடுத்துப் போய்ப் புது அடுப்பில் வைப்பாள். கவ்வாத்தில் வெட்டிய காய்ந்த தேயிலைக் குச்சிதான் மிலாறு. அந்த ஒரு நெருப்போடு உறவு முடிந்தது. மறுநாளிலிருந்து அவரவர் நெருப்பு அவரவருக்கு. எதிர்க் காம்பராவில் கடன் கேட்டாலும் கேட்பார்களே தவிர, பிரிந்த அடுப்பில் போய் நெருப்புக் கேட்க மாட்டார்கள்.

அந்த அடுப்பின் முன்னால்தான் அவளுடைய கல்யாண வாழ்க்கையே தொடங்கியது. பொகவந்தலாவையிலிருந்து மூன்று பஸ் மாறி வந்த பெண் அவள். முதல் நாள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போக எழுந்தபோது குளிரில் பல் அடித்துக்கொண்டது. பனி குசினிக்குள்ளேயே வந்து நின்றது. ராக்காயி ஒரு கோப்பை இஞ்சித் தேத்தண்ணியை அவள் இரண்டு கைக்குள்ளும் வைத்து அழுத்தி, "குடிக்காத புள்ள, மொதல்ல கையச் சூடாக்கு" என்றாள்.

அந்தக் காம்பராவில் இளசுகள் இரண்டு வார்த்தை தனியாகப் பேசுவதற்கு இடம் கிடையாது. பலகை அடித்து மறைத்த இஸ்தோப்பு மூலைதான் படுக்கை. பேசினால் பக்கத்துக் காம்பராவுக்கும் கேட்கும். அதனால் சாயங்காலமானால் ராக்காயி வாளியைத் தூக்கிக்கொள்வாள். வாளி நிறைந்திருந்தால் தண்ணீரை முருங்கை மரத்தடியில் கொட்டிவிட்டுக்கூடப் போவாள். தண்ணீர் பிடிக்கும் பீலியடி ஐந்து நிமிச நடைதான். அவள் திரும்பி வர அரை மணித்தியாலம் ஆகும். வரும்போது படிக்கல்லில் வாளியை 'டொங்'கென்று ஒரு இடி இடிப்பாள். அதைக் கேட்டதும் கஜேந்திரன் அடுப்படியிலிருந்து துள்ளி எழுந்து, சும்மா வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

"மழ வருமா தம்பி?" என்று கேட்பாள் ராக்காயி, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

அப்படிப்பட்டவளிடம் போய், அடுப்பைப் பிரிக்கலாம் என்று எப்படிச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தேங்காய் துருவிக்கொண்டிருந்த ராக்காயியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நிஷாந்தி சொன்னதை அப்படியே சொன்னாள்.

"அக்கா, சண்டைக்குச் சொல்லல. புள்ள படிப்பு... அவரு இடுப்பு..."

ராக்காயி துருவுவதை நிறுத்தவில்லை. தேங்காய் முடிந்து சிரட்டை கரகரத்தது. அதற்குப் பிறகும் துருவினாள். பிறகு எழுந்து வெளியே போய்விட்டாள்.

இரண்டு நாள் பேச்சே இல்லை. சோறு போட்டாள், கறி ஊற்றினாள், வாய் திறக்கவில்லை. ராக்காயி பேசாத வீடு நாகலெட்சுமிக்கு வேறு யாரோ வீடு மாதிரி இருந்தது.

"தப்புப் பண்ணிட்டேங்க" என்றாள் கணவனிடம்.

கஜேந்திரன் தடியைச் சுவரில் சாய்த்தான். "தப்பு ஒன் மேல இல்ல, அண்ணி மேலயும் இல்ல. இந்த இடுப்பு மேலதான். கானப் பாத்து நடந்திருந்தா அடுப்பு ஏன் பிரியப் போவுது?" சிரிக்க வைக்கத்தான் சொன்னான். அவள் அழுதாள். அவன் அவள் கையைப் பிடித்து, கொழுந்துக் கறை படிந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே இருந்தான்.

புதன்கிழமை வேலை விட்டு வந்தபோது குசினியின் மறு மூலையில் களிமண் ஈரத்தோடு ஒரு புது அடுப்பு இருந்தது. ராக்காயியின் முழங்கை வரைக்கும் சேறு.

"என்னாடி பாக்குற? என் வாயால கெட்டுச்சு. என் கையால கட்டிட்டேன். மேல் வாய் கொஞ்சம் கோணல். அதுவும் என்னைய மாதிரியே இருக்கட்டும்."

வெள்ளிக்கிழமை மண் காய்ந்ததும் முறைப்படி எரிகிற மிலாறை எடுத்து வைத்தாள். "பொகை" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தாள். கணேசமூர்த்தி மாவு டின்னை இரண்டாகப் பங்கு போட்டார். நாகலெட்சுமி கடைக்குப் போய் உப்பும் தனி நெருப்புப்பெட்டியும் வாங்கி வந்து சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். அதைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் விடியற்காலை எழுந்து அந்தப் பெட்டியைக் கையில் எடுத்தாள். படிக்கல்லில் 'டொங்'கென்றது வாளி. ஒரு கையில் தண்ணீரோடு வந்த ராக்காயி, தன் அடுப்பிலிருந்து ஒரு மிலாறை உருவி இவள் அடுப்புக்குள் செருகினாள்.

"அக்கா, ஒரு தரந்தானே குடுக்கணும்?"

"யாரு சொன்னா? நெருப்புக்குச்சி சும்மாவா வருது? வச்சுக்க."

இப்படியே நாள் போனது. அடுப்பு இரண்டானதே தவிர கை இரண்டாகவில்லை. ஐந்து பேருக்குப் பத்து ரொட்டி தட்டிப் பழகிய கை நாகலெட்சுமியுடையது. மூன்று பேருக்கு மாவு பிசைய உட்கார்ந்தாலும் பத்துதான் வந்தது. அந்தப் பக்கம் ராக்காயிக்கும் பத்து. மிஞ்சியதைப் பார்க்க ஆளுக்கு ஆள் வெட்கப்பட்டு, கட்டசம்பலை இந்தப் பக்கமும் பருப்பை அந்தப் பக்கமும் தள்ளிவிட்டார்கள். மீதி லயத்து நாய்களுக்குப் போனது. ஒரு கிழமைக்குள் நாய்கள் நன்றாகத் தேறிவிட்டன.

பதினோராம் நாள், கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்து நாகலெட்சுமி கடைசி ரொட்டியைப் புரட்டும் நேரத்தில் நிஷாந்தி படியேறினாள். வேறு நல்ல நேரமே கிடைக்கவில்லை போலும். கணேசமூர்த்தி பழக்கதோசத்தில் தம்பி மனைவியின் அடுப்புப் பக்கம் பலகை போட்டு உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். கஜேந்திரன் கையில் அண்ணியின் சம்பல் தட்டு.

நிஷாந்தி இரண்டு அடுப்பையும் பார்த்தாள். மாவு டின்களைத் திறந்து பார்த்தாள். பிறகு ரொட்டிகளைப் பார்த்தாள்.

"அக்கா, உங்க வீட்ல மூணு பேரு. பத்து ரொட்டி யாருக்கு?"

நாகலெட்சுமி கடைசி ரொட்டியையும் தட்டில் போட்டாள். பொய் சொன்னால் இந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியாது. உண்மையைச் சொன்னால் பிரேமினியின் முகத்தைப் பார்க்க முடியாது. பக்கத்துக் காம்பரா வாசலில் காளியாயி கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றாள்.

ராக்காயி எழுந்து சேலையை உதறிச் செருகினாள். லயம் முழுக்கக் கேட்கிற குரல் அவளுக்கு.

"மிஸ், அது கைப்பழக்கம். இருபத்திரண்டு வருஷத்துக் கை பதினோரு நாள்ல திருந்துமா? மிஞ்சினதக் குடுப்பா, வாங்குவேன். நான் மிஞ்சினதக் குடுப்பேன், வாங்குவா. ஆனா அவ மாவு வேற, என் மாவு வேற. என் மகன் அனுப்புறது எனக்கு, அவ சம்பளம் அவளுக்கு. அன்னைக்குப் பெருமைக்கு ஒரே அடுப்புன்னேன். நெசந்தான் அப்ப. இன்னைக்கு நாங்க பிரிஞ்சிட்டோம். நாந்தான் பிரிச்சு விட்டேன். நல்லா எழுதிக்கங்க, இந்த வீட்ல ரெண்டு அடுப்பு!"

காளியாயியின் கழுத்து உள்ளே போனது. ராக்காயி நிமிர்ந்தேதான் நின்றாள். ஆனால் முந்தானையைப் பிடித்திருந்த கை விரல் வெளுத்திருந்ததை நாகலெட்சுமி பார்த்தாள். ஊர் முழுக்கச் சொல்லிச் சொல்லி வளர்த்த பெருமையை ஊர் கேட்கவே இறக்கி வைத்துவிட்டாள் அக்கா.

நிஷாந்தி கொஞ்ச நேரம் எழுதினாள்.

"ரெண்டு சமையல், ரெண்டு செலவு. நான் பாத்தது அதுதான். சம்பல் மாத்திக்கிறத எழுத இதுல இடமில்ல" என்றாள். பேனாவை மூடிவிட்டு, "எங்கம்மாவும் பெரியம்மாவும் கொட்டகலையில இப்புடித்தான். ஒரு ரொட்டி எடுத்துக்கவா? ரொம்பத் தூரம் நடந்து வந்தேன்" என்றாள். இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் தட்டை நீட்டினார்கள்.

முடிவு வர நான்கு மாதம் ஆனது. வந்த பட்டியலில் கஜேந்திரனின் பெயர் இருந்தது. அடுத்த வாரமே பிரேமினி கொட்டகலை பஸ்ஸில் ஏறினாள்.

அதற்கு மறுநாள் விடியற்காலை. மின்சாரம் போயிருந்தது. பிரேமினி படிப்பதற்கு மெழுகுதிரி கொளுத்தச் சாமிப் படத்துப் பக்கத்தில் இருந்த நெருப்புப்பெட்டியை எடுத்தாள். ஒரு குச்சி உரசினாள், பற்றவில்லை. இரண்டாவதும் மூன்றாவதும் மருந்து உதிர்ந்து விழுந்தன.

"என்னாம்மா இது, பெட்டி முழுக்க அப்புடியே இருக்கு. பனியில ஊறிப் போச்சு. இத்தன மாசமா நீங்க எதுல அடுப்புப் பத்த வச்சீங்க?"

நாகலெட்சுமி மிலாறு அடுக்கி வைத்துவிட்டு அடுப்பின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். வெளியே படிக்கல்லில் 'டொங்'கென்றது வாளி.

கஜேந்திரன் உள்ளிருந்து சிரித்தான். "எந்திரி, வர்றாங்க."