எட்டுப் பெரிய கட்டுகள்

மாசி மாதக் கடைசியில் வைக்கோல் லாரி வந்தபோது ராமக்காள் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போயிருந்தாள். காலி கேனோடு திரும்பி வந்தவள் ரோட்டிலேயே நின்றுவிட்டாள். வேலி ஓரமாக எட்டுக் கட்டுகள் வரிசையாகக் கிடந்தன. வருஷா வருஷம் வாங்குகிற, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகிற சின்னக் கட்டுகள் இல்லை. ஒவ்வொன்றும் அவள் நெஞ்சு உயரத்துக்கு, உருட்டி வைத்த சிமெண்டுத் தொட்டி மாதிரி இருந்தது.

புருஷன் கிருஷ்ணப்பன் சட்டைப் பையில் மிச்சப் பணத்தைச் சொருகிக்கொண்டே சிரித்தபடி வந்தார்.

"ராமக்கா, இந்தத் தடவ பெருசு எடுத்துட்டன். ஒரு கட்டு எரநூத்தி அம்பது கிலோ. ஆயிரத்து எழுநூறு. இதே வைக்கோலு சின்னதா வாங்குனா பதினாலு கட்டு வேணும். கட்டு நூத்தியெழுவதுன்னா எவ்வளவு ஆச்சு? ரெண்டாயிரத்து முந்நூத்தியெம்பது. ஒரு கட்டுக்கு அறநூத்தியெம்பது மிச்சம். எட்டுக் கட்டுக்கு நீயே போட்டுப் பாரு."

அவள் போட்டுப் பார்க்கவில்லை.

"சின்னதுன்னுதான பேசி வச்சிருந்தோம்?"

"வெல கம்மியா வர்றப்ப விட்டுட முடியுமா?"

"மாட்டுக்குப் போடறது யாருங்க? நீங்களா? காலைல நாலு மணிக்கு எந்திரிச்சு ஒண்டியா எடுத்துப் போடறது நானு. இத நான் எப்பிடி நவுத்துவன்? என்னை ஒரு வார்த்த கேக்கணும்னு தோணல இல்ல உங்களுக்கு?"

"ரெண்டு பேரும் சேந்து தள்ளுனா உருளாமயா போயிடும்?"

"நீங்களே தள்ளிக்கங்க."

அதோடு அவள் பேச்சை நிறுத்திவிட்டாள்.

பாலக்கோட்டிலிருந்து உள்ளே பிரிகிற ரோட்டில் இருந்தது அவர்கள் வீடு. ஒன்றரை ஏக்கர் மேட்டு நிலம், நாலு கறவை மாடு. நிலத்தில் தக்காளி போட்டால் விலை இருக்காது, விலை இருக்கும்போது தண்ணி இருக்காது. மாடுதான் குடும்பத்தை ஓட்டியது. ஒரே மகள் சோபனாவைப் படிக்க வைத்து ஓசூரில் கட்டிக்கொடுத்ததும் பால் காசில்தான். கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்தில் ராமக்காள் இப்படிப் பேசாமல் இருப்பதும் புதிதில்லை. தட்டில் சோறு போட்டு எதிரில் வைப்பாள். தண்ணிச் சொம்பைக் கொஞ்சம் சத்தமாக வைப்பாள். மூணாம் நாளோ நாலாம் நாளோ மாடு கன்று போடும், இல்லை மகள் போன் பண்ணுவாள், ஏதாவது ஒரு சாக்கில் பேச்சு திரும்ப வந்துவிடும். இந்தத் தடவை அஞ்சாம் நாள் ஆகியும் எந்தச் சாக்கும் வரவில்லை.

அன்றைக்கு மத்தியானம் மேற்கே மேகம் கட்டியது. கோடை மழைக்கு இன்னும் நாள் இருந்தாலும் காற்றில் மண்வாசனை வந்துவிட்டது. கட்டுகள் வெட்டவெளியில் கிடந்தன. மாட்டுக் கொட்டாய் அங்கிருந்து அறுபது அடி தூரம், போகப்போக லேசான ஏற்றம். ராமக்காள் பின்பக்கம் பால் கேன் கழுவிக்கொண்டிருந்தாள். முன்னாலிருந்து அவர் குரல் கேட்டது.

"ராமக்கா, மழ வருது. வந்து ஒரு கை குடு."

அவள் காதில் நன்றாகவே விழுந்தது. கேனுக்குள் கையை விட்டு இன்னொரு தடவை தேய்த்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கூப்பிட்டார். "ராமக்கா!" இந்தத் தடவை மழையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, பெயர் மட்டும்தான். இன்னும் ஒரு தடவை கூப்பிட்டால் போகலாம் என்று அவள் நினைத்தாள். அப்படி நினைத்ததைப் பிறகு அவள் யாரிடமும் சொன்னதில்லை. மூன்றாவது தடவை கூப்பிடவில்லை. சரி, பக்கத்துக் காட்டு மாதேஸ்வரனைக் கூட்டிவரப் போயிருப்பார் என்று எண்ணி, கேன்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு, துடைப்பத்தால் வாசல் பக்கம் தேங்கிய தண்ணியையும் தள்ளிவிட்டுத்தான் முன்பக்கம் வந்தாள்.

இரண்டு கட்டுகள் கொட்டாய்க்குள் போயிருந்தன. மூன்றாவது பாதி தூரத்தில் நின்றது. அது பின்னால் உருளாமல் இருக்க அடியில் ஒரு கல் முட்டுக் கொடுத்திருந்தது. அதில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, களைத்துப்போய் உட்கார்ந்தவர் மாதிரி கிருஷ்ணப்பன் இருந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. மழை இன்னும் வரவே இல்லை.

"ஏங்க," என்றாள். அஞ்சு நாளில் அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது. அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். வரவில்லை.

அவள் கூப்பிட்ட சத்தத்துக்கு மாதேஸ்வரன் வண்டி பிடித்து வந்தான். தருமபுரி போய்ச் சேருவதற்குள், ராமக்காள் மடியில் இருந்த தலை கனத்துவிட்டது. டாக்டர் பார்த்துவிட்டு, "அடைப்பு ரொம்ப நாளா இருந்திருக்கும்மா. இன்னிக்கு இல்லன்னா வேற என்னிக்காவது வந்திருக்கும்," என்றார். நல்ல மனுஷன், அவளுக்குத் தைரியம் சொல்லத்தான் அப்படிச் சொன்னார். வேற என்னிக்காவது என்பது மட்டும் அவள் காதிலேயே நின்றுகொண்டது. வேற என்னிக்காவது என்றால் அவள் பேசிக்கொண்டிருந்த ஒரு நாளாக இருந்திருக்கலாம்.

மறுநாள் சாமியானா போட இடம் போதவில்லை என்று உறவுக்கார ஆண்கள் மூன்று பேர் அந்தக் கட்டுகளை ஒதுக்கித் தள்ளினார்கள். மூன்று பேர் கை வைத்ததும் அது குழந்தை விளையாட்டு மாதிரி உருண்டது. ஒருவன் வெற்றிலையை மென்றுகொண்டே தள்ளினான். ராமக்காள் கூடத்திலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் அவள் ஏன் திடீரென்று அப்படி அலறினாள் என்று தெரியாமல் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். "பிடிவாதக்காரன். யாரையாவது கூப்பிட்டிருக்கலாம் இல்ல?" மாதேஸ்வரனும் சொன்னான். "ஒரு சத்தம் குடுத்திருந்தா நான் ஓடி வந்திருப்பன், அத்த. இந்த மாமன் யார்கிட்டயும் ஒரு ஒத்தாச கேக்க மாட்டாரு." சோபனாதான் அதிகம் சொன்னாள். அழுகைக்கு நடுவில் அப்பாவைத் திட்டிக்கொண்டே இருந்தாள். "அம்மா பின்னாடியே இருக்குது. அம்மாவக் கூப்பிட என்ன கேடு இந்த மனுசனுக்கு?"

ராமக்காள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்றைக்குக் கட்டிய மழை பெய்யாமலே போய்விட்டது. கருமாதி முடிந்து எல்லோரும் போனபின் மாதேஸ்வரன் ஆள் வைத்து மற்ற கட்டுகளையும் கொட்டாய்க்குள் தள்ளிக் கொடுத்தான். நாலு மாட்டை ஒண்டியாகப் பார்க்க முடியாமல் ராமக்காள் வயதான மாட்டை விற்றாள். மிச்சம் மூன்று. முதல் கட்டின் கயிற்றை அறுத்த அன்று வைக்கோல் பாய் மாதிரி சுருள் சுருளாகப் பிரிந்து வந்தது. உள்ளே கொஞ்சம் கூட ஈரமோ பூஞ்சையோ இல்லை. அப்போதுதான் அறுத்துப் போட்டது போல மஞ்சளாக இருந்தது. சின்னக் கட்டில் எப்போதும் வெளிச்சுற்று கறுத்துப்போய் கொஞ்சம் வீணாகும். இதில் அதுவும் இல்லை. மாடுகள் மிச்சம் வைக்காமல் தின்றன. கட்டை நகர்த்தவே வேண்டியதில்லை, நின்ற இடத்திலேயே உரித்து உரித்துப் போட்டால் போதும். உள்ளே கொண்டுவருகிற அந்த ஒரு நாள் வேலைக்கு மட்டும்தான் இரண்டு பேர் வேண்டும்.

அவர் சொன்னது சரிதான். விலையும் சரி, வைக்கோலும் சரி. வைக்கோல் கெட்டுப்போயிருந்தால், மாடு தின்னாமல் முகத்தைத் திருப்பியிருந்தால், அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சித்திரையில் சோபனா இரண்டு நாள் வந்து தங்கினாள். அம்மாவை ஓசூருக்குக் கூட்டிப் போகிற எண்ணத்தோடு வந்திருந்தாள். சாயங்காலம் கொட்டாயில் ராமக்காள் மாட்டுக்குப் போட்டுக்கொண்டிருக்க, மகள் கட்டின் மேல் கை வைத்து நின்றாள்.

"இதப் பாத்தாலே எரியுதும்மா எனக்கு. ஐயாயிரம் ரூவா மிச்சம் பண்றன்னு உயிர விட்டுட்டாரு. கூப்பிடறதுக்கு என்ன கவுரவம்? கடைசி வரைக்கும் அந்த வீம்பு."

"வீம்பு இல்ல சோபனா."

"பின்ன என்னவாம்?"

ராமக்காள் கையிலிருந்த வைக்கோலைத் தொட்டியில் போட்டாள். "கூப்பிட்டாரு," என்றாள்.

"என்ன?"

"ரெண்டு தடவ கூப்பிட்டாரு. எனக்குக் கேட்டுச்சு. கோவத்துல இருந்தன், நான் போகல."

சோபனாவின் கை கட்டிலிருந்து மெதுவாக இறங்கியது. "கேட்டுச்சா?" என்று ஒரு தடவை கேட்டாள். ராமக்காள் தலையாட்டினாள். "இத்தன நாளா நான் அவரத் திட்டிட்டு இருக்கறன். நீ கேட்டுக்கிட்டே இருந்த."

"அதான் இப்ப சொல்லிட்டன். அந்த மனுசன இனிமே யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க."

அன்றிரவு சோபனா சாப்பிடவில்லை. விடிந்ததும் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினாள். வாசலில் செருப்பை மாட்டினாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு போனாள். தினமும் வந்துகொண்டிருந்த போன் நின்றுபோனது. ராமக்காளும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் எடுக்காமல் போய்விடுவாளோ என்று பயமாக இருந்தது. கூப்பிட்டும் வராமல் போனால் எப்படி இருக்கும் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

எட்டுக் கட்டும் ஆனி பிறக்கும்வரை வந்தன. ஒருநாள் காலையில் அதே லாரி வந்து நின்றது. வியாபாரி அறிவழகன் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள், நாற்பது வயசு இருக்கும். இறங்கும்போதே, "அண்ணன் எங்கக்கா?" என்றார்.

ராமக்காள் சொன்னாள். எப்போது, எப்படி என்பதை அவரே கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். லாரிக் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"நான்தாங்கக்கா பெருசு எடுங்கன்னு சொன்னேன். அவரு முதல்ல சின்னதுதான் கேட்டாரு. வீட்ல சின்னதுதான் சொல்லிருக்காங்கன்னாரு. நான்தான் லாபம் லாபம்னு சொல்லி..."

அவளுக்கு அது புதுச் செய்தி. வீட்டில் சொல்லியிருக்கிறார்கள் என்று சொன்னாராம். கேட்காமல் எடுத்துவிட்டார் என்றுதானே அஞ்சு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

"உங்க கட்டுல ஒரு குறையும் இல்லீங்க," என்றாள். "நல்ல வைக்கோலு. இப்ப என்ன வெல?"

"பெருசு ரெண்டாயிரம். சின்னது எரநூறு." அவர் தயங்கினார். "நாலு பெருசு எட்டாயிரம்தான் ஆவும். அதே வைக்கோல சின்னதுல எடுத்தா அம்பத்தாறு கட்டு, பதினோராயிரத்து எரநூறு. மூவாயிரத்துக்கு மேல உங்களுக்கு நட்டம். என் ஆளுங்க உள்ளாரயே உருட்டி வச்சுட்டுப் போவாங்க."

அதில் தப்பு சொல்ல ஒன்றும் இல்லை. உள்ளே வைத்துக் கொடுத்துவிட்டால் பிறகு அவளுக்கு ஒரு கஷ்டமும் கிடையாது. அது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

"சின்னதே போடுங்க," என்றாள்.

"அப்ப பெரிய கட்டு வெலைக்கே போட்டுக்கறேன். எட்டாயிரம் குடுங்க போதும்."

"வேணாங்க. என்ன வெலையோ அதுதான்."

பால் காசை எண்ணிக் கொடுத்தாள். ஆட்கள் கட்டுகளை வேலி ஓரம் இறக்கினார்கள். கொட்டாய்க்குள் கொண்டுபோய் வைக்கிறோம் என்றவர்களை வேண்டாம் என்று அனுப்பிவிட்டாள்.

லாரி போனதும் முந்தானையைச் செருகிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தூக்கினாள். ஒரு கட்டு பதினெட்டு கிலோ. அறுபது அடி, லேசான ஏற்றம். பத்துக் கட்டு கொண்டுபோனதும் மூச்சு வாங்கியது. அந்த ஏற்றத்தில் அவர் எப்படி இரண்டரை கட்டு ஒண்டியாகத் தள்ளினார் என்று நினைத்துக்கொண்டே திரும்பி வந்தாள்.

பதினேழாவது கட்டைத் தூக்கும்போது போன் அடித்தது. சோபனா.

கட்டைக் கீழே வைத்துவிட்டு எடுத்தாள்.

"வைக்கோலு தீந்திருக்குமே," என்றாள் மகள்.

"தீந்துச்சு. இன்னிக்குத்தான் லோடு வந்துச்சு."

"எது வாங்குன?"

"சின்னது."

"வெல அதிகமில்ல?"

"அதிகந்தான்."

சோபனாவின் குரல் தணிந்தது. "தூக்க முடியுதா உன்னால?"

"முடியுது."

"ஒரே நாள்ல எல்லாம் தூக்காத. மிச்சத்துக்குத் தார்ப்பாய் போட்டு மூடி வை. ஞாயித்துக்கெழம நான் வர்றன்."

"சரி," என்றாள் ராமக்காள். அதற்கு மேல் என்ன சொல்வதென்று தெரியாமல், "பஸ் ஏறும்போது கூப்பிடு," என்றாள்.

போனை இடுப்பில் செருகிக்கொண்டு வேலி ஓரமாகவே உட்கார்ந்து அழுதாள். யாரும் பார்க்கவில்லை. அழுது முடித்ததும் எழுந்து தார்ப்பாய் எங்கே என்று தேடப் போனாள்.