மூணு பேரும் ஒரு தறியும்

1

இந்தக் கதை வேறொரு வேலையின் நடுவில் பிறந்தது. இங்கிலாந்தில் ஏதோ ஓர் ஊர். அதன் ஜனத்தொகை, எந்த மதத்தார் எவ்வளவு, என்ன தொழில் என்று எழுதித் தரச் சொன்னார்கள். அந்த ஊரை நான் பார்த்ததில்லை. எண்களையே பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு சந்தேகம் வந்தது: வீட்டுக்காரன் சொன்னதைத்தானே எழுதியிருப்பார்கள்? அதோடு இங்கிலாந்து போயிற்று. நான் திருத்தணிக்கு வந்துவிட்டேன், 1941க்கு.

2

'முருகன் மலைமேல் வெயில் ஏறும் நேரம்...' (வேண்டாம். மலையைக் காட்டாமல் திருத்தணியைத் தொடங்க முடியாதா?)

ஜனக்கணக்கு எடுக்கும் பள்ளி வாத்தியார் துளசிங்கம், நெசவாளி கங்காதரன் வீட்டு வாசலில் நிற்கிறார். கங்காதரன், மனைவி கெங்கம்மாள், மகன் நாகேந்திரன் மூவரும் வெளியே வந்துவிட்டார்கள்.

"எத்தினி பேரு?"

"மூணு பேருங்க. இதோ நிக்கிறோமே."

உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது.

எழுதப் போன துளசிங்கம் நிறுத்தினார். "அப்போ உள்ள நெய்துகினு இருக்கறது யாரு?"

3

(மகள் காஞ்சனா. வேறு சாதிக்காரனோடு போனாள். அன்றே தகப்பன் அவளைத் தலைமுழுகி, காரியம் செய்து, ஊருக்குச் சோறும் போட்டுவிட்டான். புருஷன் காலராவில் போனதும் வயிற்றுப்பிள்ளையோடு திரும்பி வந்தவளை, ஊருக்குத் தெரியாமல் பின்கட்டில் வைத்திருக்கிறார்கள்.)

"அது செத்துப்போச்சுங்க," என்றான் கங்காதரன். "காரியமெல்லாம் முடிச்சிட்டோம்."

குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை. அவள் நெய்வதை விற்றுத்தான் மூவரும் சாப்பிடுகிறார்கள். அடப்பாவி, செத்தவளிடமா வேலை வாங்குவாய்?

4

முடிவு ஒன்று: துளசிங்கம் மூன்று என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார். (எனக்குப் பொறுக்கவில்லை.)

முடிவு இரண்டு: தறி நிற்கிறது. காஞ்சனா வாசலுக்கு வந்து, "நான் உயிரோடதான் இருக்கேன்" என்று... ஆமாம், இதுதான். இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

தறி நின்றது. அவள் வரவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

"நைனா சொல்றதையே எழுதிக்கோங்க வாத்தியாரே. மூணுதான். நாலுன்னு எழுதிட்டு நீங்க போயிடுவீங்க. ஊருக்குத் தெரிஞ்சா நைனா என்னை வெச்சிக்க முடியாது. இந்த வயித்தோட நான் எங்க போறது?"

இதை நான் அவளுக்கு எழுதித் தரவில்லை. சத்தியமாக இல்லை.

5

கெங்கம்மாள், புருஷன் முதுகுக்குப் பின்னால், வாத்தியாருக்கு மட்டும் தெரியும்படி நான்கு விரல்களைக் காட்டுகிறாள்.

துளசிங்கம் என்னைப் பார்க்கிறார். என்னால் முடியவில்லை, பேனாவை உங்களிடம் கொடுத்துவிட்டேன். சீக்கிரம் எழுதுங்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.