திரையில் ஒரு காலி நாற்காலி

மீட்டர்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகியும் அவர் கை மட்டும் ஓய்வு பெறவில்லை. உத்தியோகம் முழுக்க வீடு வீடாகப் படியேறி மின்சார மீட்டரைப் பார்த்து எழுதினவர். ஆள் இல்லாத அறையில் விளக்கு எரிந்தால் அவருக்கு உடம்பில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். மகன் குளித்துக்கொண்டிருக்கும்போதே வெளியிலிருக்கும் சுவிட்சைத் தட்டிவிட்டுப் போவார். உள்ளேயிருந்து இருட்டில் ஒரு கூப்பாடு வரும். மகன் அவருக்கு மெயின் சுவிட்ச் என்று பேர் வைத்திருந்தான். எதிரில் அப்பா, முதுகுக்குப் பின்னால் மெயின் சுவிட்ச். அந்தப் பேர் அவர் காதிலும் விழுந்திருக்கிறது. கோபம் வந்த மாதிரி காட்டிக்கொண்டாலும் உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

அப்படிப்பட்டவர் வீட்டு ஹாலில் ஒரு கம்ப்யூட்டர் காலையிலிருந்து படுக்கப் போகும்வரை ஓடிக்கொண்டே இருந்தது. மருமகளின் ஏற்பாடு அது. மருமகளுடைய அம்மா வேறு ஊரில் தனியாக இருந்தாள். கணவர் போய்ச் சேர்ந்தாயிற்று, முட்டி தேய்ந்து நடை தள்ளாட ஆரம்பித்தாயிற்று. எங்களோடு வந்து இரும்மா என்று மகள் கெஞ்சாத நாள் இல்லை. நாலு நாள் வந்தால் விருந்தாளி, அதற்கு மேல் இருந்தால் பாரம் என்று அந்த அம்மாள் பிடிவாதமாக மறுத்துவிட்டாள். கடைசியில் மகன்தான் வழி சொன்னான். அங்கே ஒரு கம்ப்யூட்டர், இங்கே ஒரு கம்ப்யூட்டர், நடுவில் வீடியோ கால். அதைத் துண்டிக்கவே வேண்டாம். பேச வேண்டும் என்றில்லை, சும்மா ஓடட்டும். அம்மா அவள் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பாள், மகள் இங்கே உட்கார்ந்து ஆபீஸ் வேலை பார்ப்பாள். ஏதாவது ஒன்று என்றால் ஒரு குரல் கொடுத்தால் போதும்.

இதையெல்லாம் மீட்டர்காரரை உட்காரவைத்துத்தான் சொன்னார்கள். எவ்வளவு கரெண்ட் இழுக்கும் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். மகன் சொன்னதும் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, ஒரு மனுஷிக்குத் துணை என்றால் ஓடட்டும் என்று பெருந்தன்மையாகத் தலையாட்டினார். அதனால் அவருக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. அவருக்கு நன்றாகத் தெரியும்.

தொல்லை கரெண்டில் இல்லை, சம்பந்தியம்மாளின் கண்ணில் இருந்தது. ஆயுசு முழுக்கத் தையல் கடை நடத்தின கண். சட்டையில் ஒரு பட்டன் தொங்கினால்கூட அங்கிருந்தே பிடித்துவிடும். "சம்பந்தி, காலர் மடிஞ்சிருக்கு பாருங்க." "சம்பந்தி, அடுப்புல ஏதோ பொங்கற சத்தம் கேக்குதே." நல்ல எண்ணத்தில் சொல்வதுதான், அதுவும் மரியாதையாக. ஆனால் சொந்த வீட்டு ஹாலில் ஒரு மனிதர் சட்டை இல்லாமல் காற்றாட உட்கார முடியவில்லை, வாயைப் பிளந்துகொண்டு ஒரு தூக்கம் போட முடியவில்லை. மனைவி இருந்த காலத்தில்கூட இவ்வளவு கண்காணிப்பு இருந்ததில்லை என்று அவருக்குப் பட்டது. போனவளைப் பற்றி அப்படி நினைத்ததற்காக உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மகனிடம் முறையிட்டால் சிரிப்பான். மருமகளிடம் சொன்னால் மனசு நோகும். ஆகவே மெயின் சுவிட்ச் தானாக ஒரு வழி கண்டுபிடித்தார். மகன் வேலைக்கும் மருமகள் கடை கண்ணிக்கும் போய் வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் இந்தப் பக்கத்துச் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிடுவார். அந்த அம்மாள் வாய் அசையும், ஒன்றும் கேட்காது. இவர் பேப்பருக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டு பார்க்காத மாதிரி இருந்துவிடுவார். மருமகள் வருகிற அரவம் கேட்டதும் சத்தத்தைப் பழையபடி கூட்டிவிடுவார். காதும் காதும் வைத்த மாதிரி நடந்தது காரியம்.

அன்றைக்கு மருமகளை ஆபீஸுக்கே நேரில் வரச் சொல்லிவிட்டார்கள். செருப்பை மாட்டிக்கொண்டே, அம்மாவுக்கு ராத்திரி முட்டி ரொம்ப வலியாம் மாமா, ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் எதற்கு இருக்கிறேன், நிம்மதியாகப் போய்விட்டு வா என்றார் இவர். அவள் தெருமுனை திரும்பியிருக்க மாட்டாள், இவர் சத்தத்தைக் குறைத்தாயிற்று.

சாப்பிட்டு முடித்தபோது வெயில் கொளுத்தியது. மின்விசிறி அனலைத்தான் இறைத்தது. சட்டையைக் கழற்றினார், பனியனையும் கழற்றினார். கழற்றின பிறகுதான் திரை ஞாபகம் வந்து, துண்டால் மார்பை மூடிக்கொண்டு திரும்பிப் பார்த்தார். திரையில் நாற்காலி காலியாக இருந்தது. நாற்காலி, பின்னால் சுவர், ஓரத்தில் பாதி ஜன்னல். அவ்வளவுதான்.

எழுந்து கிட்டே போய்க் குனிந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நன்றாகப் பார்த்தார். ஆள் இல்லை. அடுக்களைக்குப் போயிருப்பாள், இப்போது வந்துவிடுவாள், வந்தால் இந்தத் தொப்பையும் நரைத்த மார்பும்தான் கண்ணில் படும். சட்டையை மறுபடி மாட்டிக்கொள்ளலாம். ஆனால் முதுகில் வியர்வை வழிந்தது. கொஞ்ச நேரம்தானே, ஒரு தூக்கம் போட்டு எழுந்து மறுபடி ஆன் பண்ணிவிட்டால் போயிற்று என்று சொல்லிக்கொண்டு கம்ப்யூட்டரை அணைத்தார். சோபாவில் சாய்ந்ததும் அடித்துப் போட்ட மாதிரி ஒரு தூக்கம். அப்படித் தூங்கி எத்தனையோ நாளாயிற்று.

அவரை எழுப்பியது மருமகளின் குரல். திரை ஏன் இருட்டாக இருக்கிறது என்று கேட்டவள் பதிலுக்கு நிற்கவில்லை. அம்மாவின் போனுக்கு அடித்தாள், எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். அம்மாவின் பக்கத்து வீட்டில் ஒரு சாவி கொடுத்துவைத்திருந்தார்கள். அவர்களுக்குப் போன் போட்டாள். அவர்கள் போய்க் கதவைத் திறந்து பார்த்தால், அந்த அம்மாள் அடுக்களை வாசலில் தரையில் கிடந்தாள். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. மத்தியானத்திலிருந்து அப்படியே கிடந்திருக்கிறாள், ஒரு வாய்த் தண்ணீர் இல்லாமல்.

உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் மீட்டர்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் சும்மா இருக்கவில்லை. யாராவது கேட்கட்டும், கேட்டால் சொல்லிவிடுகிறேன் என்று காத்திருந்தார். யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் விடை முன்னாலேயே தெரிந்திருந்தது. மெயின் சுவிட்ச் அல்லவா, கை சும்மா இருக்குமா, வழக்கம் போலத் தட்டிவிட்டிருக்கிறது. மகன் கொஞ்சம் கடிந்துகொண்டான், அப்புறம் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, விடுங்கப்பா, பழக்க தோஷம் என்றான். மருமகளோ தன்னையே நொந்துகொண்டாள். மாமா கை பற்றித் தெரிந்திருந்தும் அணைக்காதீர்கள் என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டாமல் போனேனே, மத்தியானம் ஒரு தடவை போன் பண்ணிப் பார்க்காமல் போனேனே என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி அழுதாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இந்த மன்னிப்பைத்தான் தாங்க முடியவில்லை. செய்யாத தப்புக்கு மன்னித்துவிட்டார்கள், செய்த தப்பு அப்படியே கிடந்தது. சிக்கனக்காரன் என்ற நல்ல பேரின் நிழலில் ஒதுங்கி நிற்கிறோமே என்று அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. சட்டை இல்லாமல் படுப்பதற்காக அணைத்தேன் என்று எந்த முகத்தோடு சொல்வது?

ஆபரேஷன் முடிந்து அந்த அம்மாள் எழுந்து சாய்ந்து உட்காரும் அளவுக்குத் தேறியபோது ஆஸ்பத்திரிக்கு அவரும் போனார். மருமகள் மருந்துக் கடைக்கு இறங்கிப் போனாள். அறையில் சம்பந்திகள் இரண்டு பேர் மட்டும். முழுக்கைச் சட்டையில் கழுத்துப் பட்டன்வரை போட்டுக்கொண்டு, ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்திருந்தார் மீட்டர்காரர். இப்போது விட்டால் எப்போதும் இல்லை என்று தோன்றியது.

"சம்பந்தியம்மா, நான் கரெண்டுக்காக அணைக்கல" என்று ஆரம்பித்தார். வெயில், சட்டை, சத்தத்தைக் குறைத்தது, ஒன்று விடாமல் தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தார்.

அந்த அம்மாள் போர்வையின் ஓரத்தில் பிரிந்திருந்த நூலை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"நீங்க அணைச்சத நான் பாத்தேன் சம்பந்தி."

அவர் தலை நிமிர்ந்தார்.

"நான் விழுந்த எடம் உங்க திரையில தெரியாது. ஆனா கீழ கெடந்து பாத்தா எனக்குக் கம்ப்யூட்டர் நல்லாத் தெரிஞ்சது. உங்களத்தான் கூப்பிட்டுக் கத்திட்டு இருந்தேன். நீங்க எந்திரிச்சு வந்தீங்க. குனிஞ்சு பாத்தீங்க. உங்க முகம் அவ்வளவு பெருசாத் தெரிஞ்சது. அப்பாடா, சம்பந்தி பாத்துட்டாரு, இனி ஆள் வந்துரும்னு நெனச்சேன். திரை இருட்டானப்பகூட, எனக்காகப் போன் பண்ணத்தான் போயிருக்கீங்கன்னு இருந்துட்டேன்." நூலை அறுத்துக் கீழே போட்டாள். "அதனால கத்தறத நிறுத்திட்டேன்."

பக்கத்து வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். இன்னும் நாலு தரம் கத்தியிருந்தால் யாராவது ஓடி வந்திருப்பார்கள். தன் முகத்தை நம்பி அவள் சும்மா கிடந்திருக்கிறாள், சாயங்காலம் வரைக்கும்.

"அவகிட்ட நான் இதச் சொல்லல. நீங்களும் சொல்லாதீங்க" என்றாள் அந்த அம்மாள். "அவ உங்க வீட்டுல வாழணும். உங்களுக்குச் சோறு போடணும். எனக்கு ஆனது ஆயிருச்சு."

கோபமாகச் சொல்லவில்லை. அளவெடுத்துத் துணி வெட்டுகிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். அவருக்கு எழுந்து போய் அந்தக் காலில் விழலாம் போல இருந்தது. அதையும் செய்யவில்லை. சரி என்று தலையை மட்டும் அசைத்தார். அசைத்தபோது ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, தப்பித்தோம் என்று நெஞ்சு இலேசானதை அவரே கவனித்தார். மற்ற எல்லாவற்றையும்விட அதற்குத்தான் அதிகம் வெட்கப்பட்டார்.

மருமகள் மருந்துப் பையோடு வந்தாள். கண் வீங்கியிருந்தது. இருவரும் பேசாமல் இருப்பதைப் பார்த்துவிட்டு, மாமாவைத் தேற்றுகிற மாதிரி பேசத் தொடங்கினாள். "அம்மா, மாமா நாலு நாளாச் சரியாச் சாப்பிடறதே இல்ல. நீயே சொல்லு, இதுல அவரு தப்பு என்ன இருக்கு? நான்தான் ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருக்கணும். எல்லாம் என் தப்பு."

சம்பந்தியம்மாள் வேண்டாம் என்று கண்ணால் சைகை காட்டினாள். அவர் அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

"சீட்டு ஒட்டியிருந்தாலும் அணைச்சிருப்பேன்மா. கரெண்டுக்காக இல்ல. உங்கம்மா என்னைப் பாத்துட்டே இருக்கறது எனக்குப் புடிக்கல. சத்தத்தையும் நான்தான் கொறச்சு வச்சிருந்தேன். தெனமும் கொறப்பேன்."

"சம்பந்தி, சும்மா இருங்க" என்றாள் அந்த அம்மாள்.

"கிட்டப் போயி நாற்காலியப் பாத்தேன். காலியா இருந்துச்சு. ஏன் காலியா இருக்குன்னு ஒரு வார்த்தை கூப்பிட்டுக் கேக்கல. எனக்குக் காலியா இருந்தது வசதியா இருந்துச்சு."

மருமகள் பையைக் கட்டிலின் ஓரத்தில் வைத்து, மாத்திரைகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் அடுக்கினாள். அம்மாவின் தலைக்குக் கீழே தலையணையைச் சரிசெய்தாள். டம்ளரில் தண்ணீர் ஊற்றி, அம்மாவின் கழுத்தைத் தாங்கிப் பிடித்துக் குடிக்கவைத்தாள். மீட்டர்காரர் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றார். திட்டுவாள், அழுவாள், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்பாள் என்று காத்திருந்தார். எதைக் கேட்டாலும் பதில் சொல்லத் தயாராக இருந்தார்.

அவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"நீங்க வீட்டுக்குக் கெளம்புங்க."

கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் கால் வைத்த நாளிலிருந்து மாமா என்று கூப்பிடாமல் அவள் அவரிடம் ஒரு வாக்கியம் பேசியதில்லை. இதற்குப் பின்னாலும் அந்தச் சொல் வரும் என்று கதவருகே கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். வரவில்லை. மெல்லக் கதவைச் சாத்திக்கொண்டு படி இறங்கினார்.